செஸ்டர் விற்க மறுத்த அட்டை

எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைச் சந்தை நடக்கும். முப்பத்தெட்டு வருடமாக நான் அங்கே மேசை போடுகிறேன். ஆரம்பத்தில் அறுபது மேசைகள் இருந்தன, இப்போது பத்தொன்பது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். காலை ஆறரைக்கு மடக்கு மேசையின் காலை விரித்தால் அதோடு சேர்ந்து என் முட்டியும் சத்தம் போடுகிறது. அப்புறம் வண்டியிலிருந்து பன்னிரண்டு பெட்டிகளை இறக்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பபிள்கம் பாக்கெட்டோடு விற்ற ஃபுட்பால் வீரர்களின் அட்டைகள், பெட்டிக்கு எண்ணூறு. எல்லாரும் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துப் பாய்கிறார்கள். இத்தனை வருடமாக ஒருவன்கூட வந்து சேர்ந்தபாடில்லை.

என் பெயர் எமில் ஹுடாக். வயது எழுபத்தொன்று. தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளதைச் சொன்னால் இந்த அட்டைகளைப் பார்த்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பே மூட்டை கட்டியிருப்பேன். கட்டாததற்குக் காரணம் என் நண்பன் செஸ்டர் ம்ரோசெக்கிடம் இருந்த ஒரே ஒரு அட்டை. அது வேறு யார் கைக்காவது போய்விட்டால் நான் யார் என்று செஸ்டருக்குத் தெரிந்துவிடும். அதைத் திரும்ப வாங்குகிற வரை நான் நகர முடியாது என்று இருந்தேன்.

அந்த அட்டையின் கதை 1988 அக்டோபரில் ஆரம்பித்தது. செத்துப்போன ஒருவரின் வீட்டை ஒழித்துக் கொடுத்தபோது ஷூ டப்பாவில் அகப்பட்டது, ஆர்ட் கெஸ்லிங்கின் 1957ஆம் வருட முதல் அட்டை. கெஸ்லிங் எங்கள் பள்ளத்தாக்குப் பையன். இரும்பாலைக்காரன் மகன், பெரிய ஆட்டக்காரனாகி ஊர் பெயரை நாடு முழுக்கச் சொல்ல வைத்தவன். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் இடது ஓரமும் கீழ் ஓரமும் நைந்து, மூன்று மூலைகள் பிரிந்து பஞ்சாகியிருந்தன. அப்படியே விற்றால் நாற்பது டாலர் தேறும்.

அப்போது என் மனைவியாக இருந்த டோலோரஸ் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நட்சத்திரம் வெட்டுவதற்காக, நீளக் கைப்பிடி வைத்த பேப்பர் கட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் கெஸ்லிங்கை அதில் வைத்தேன். கீழே ஒரு மயிரிழை, இடது பக்கம் ஒரு மயிரிழை. மூலைகள் கூர்மையாக நின்றன. இரண்டு கனத்த பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே அதை வைத்து நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். அந்தக் காலத்தில் நல்ல அட்டையை எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். அதற்குள் இருக்கும்வரை அளவு யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் மடிந்த அட்டைக்கு ஒரு விலை உண்டு, பேனாவால் மீசை வரைந்ததற்கும் ஒரு விலை உண்டு. ஓரம் வெட்டிய அட்டைக்கு விலையே கிடையாது, வெட்டினவனுக்கு மேசையும் கிடையாது. எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்த மாதம் கார் கியர்பாக்ஸ் போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு எந்த அட்டை மேலும் கத்தி வைத்ததில்லை. இதைச் சொல்வதால் பெருமை ஒன்றும் இல்லை.

நவம்பர் சந்தையில் ஒரு ஆள் வந்து அதை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆலை மூடியதில் வேலை போய், ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆள். கெஸ்லிங் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வளர்ந்தவராம். நான் முந்நூறு என்றேன். அவர் பேரம்கூடப் பேசாமல் மத்தியானம் திரும்பி வந்து முந்நூறையும் கொடுத்தார். மான் வேட்டைத் துப்பாக்கியை விற்றுவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். எங்கள் பக்கம் மான் சீசன் முதல் நாளுக்குப் பள்ளிக்கூடமே லீவு விடும். ஒருத்தன் துப்பாக்கியை விற்கிறான் என்றால் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்றுதான் ஊர் நினைக்கும்.

அடுத்த மாதம் அதே ஆள் பொட்டலத்தோடு வந்து நின்றார். வால்நட்டை அரைத்துப் பூசிச் சுருட்டிச் சுட்ட ரொட்டி.

"ஐரீன் குடுத்தா, என் வீட்டுக்காரி. மத்தியானம் வரைக்கும் என்னை நம்பி அதை எடுத்து வெச்சியே, அதுக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டேன். நல்ல ருசி, அதுதான் வயிற்றெரிச்சல்.

செஸ்டர் என் நண்பனானது அப்படித்தான். நான் அவனைத் தேடிப் போகவில்லை. அவனாக வந்தான். வந்தவன் பெட்டி தூக்கினான், மேசை விரித்தான், பனியில் என் வண்டியைத் தள்ளினான். டோலோரஸ் என்னை விட்டுப் போன வருடம் ஐரீன் என்னைக் கேட்காமலே நன்றித் திருநாள் சாப்பாட்டுக்கு எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். முப்பது வருடம் அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. அந்த வீட்டுக்குள் போனால் முன்னறைச் சுவரில், சின்ன மர ஸ்டாண்டில், நாலு ஸ்க்ரூவுக்கு நடுவே கெஸ்லிங் நிற்பான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.

முதல் வருடமே திரும்பக் கேட்டேன்.

"அந்த கெஸ்லிங்கை எனக்கே குடுத்துடு. முந்நூத்தி அம்பது தரேன்."

"எதுக்கு?"

"யோசிச்சுப் பாத்தா அது ஒண்ணும் அவ்வளவு நல்ல அட்டை இல்ல."

"நல்ல அட்டை இல்லன்னா அம்பது டாலர் கூடப் போட்டு ஏண்டா கேக்கற?"

எங்கள் அட்டைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேண்டிய அட்டையை ஒருநாளும் புகழ மாட்டோம். ஒருவன் அட்டையைத் திருப்பிப் பார்த்து, "படம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு, கலர் வெளுத்துப்போச்சு" என்று உதட்டைப் பிதுக்கினால் பர்ஸை எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். "ரொம்ப நல்லா இருக்கே" என்றால் காபி குடிக்கக் கிளம்புகிறான். நான் அந்த அட்டையைப் பற்றி எவ்வளவு மட்டமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு ஆசைப்படுகிறேன் என்று கூடமே நம்பியது.

ஐந்நூறு கேட்டேன். எண்ணூறு கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன். வருடா வருடம் அது சந்தையின் வேடிக்கையாகிவிட்டது. பக்கத்து மேசை ஓட்டிஸ், "எமில், இந்த வருஷம் உன் காதலிக்கு எவ்வளவு?" என்று ஆரம்பித்து வைப்பான். ஒருமுறை மூன்று பீர் உள்ளே போன தைரியத்தில், "அது அகலம் கம்மியா இருக்கு செஸ்டர், நல்லாப் பாரு" என்று சொல்லியே விட்டேன்.

ஓட்டிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். "திட்டறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்காம இப்ப ஸ்கேல் எடுத்துட்டாண்டா."

செஸ்டரும் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் வருடம் சொல்லியிருந்தால் ஒரு வாடிக்கைக்காரனோடு போயிருக்கும். தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்ட சோறு ஏறிக்கொண்டே போனது. செஸ்டரைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்று ஆனபோது வாயே திறக்க முடியவில்லை. நான் கோழை. அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இரண்டு வருடமாக செஸ்டருக்குக் கண் சரியில்லை. நடுப்பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் மூஞ்சி இருக்கிற இடத்தில் ஒரு கறைதான் தெரியுமாம். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொள்வான். அட்டையின் பின்புறத்தில் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் ஐரீன்தான் வாசித்துச் சொல்வாள். அவளுக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது. ஆனாலும் எவன் எத்தனை கெஜம் ஓடினான் என்று உட்கார்ந்து வாசிப்பாள்.

பிப்ரவரி சந்தையில் செஸ்டர் என் மேசைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"நாங்க டென்னசிக்குப் போறோம், எமில். பொண்ணு வீட்டுக்கு. ஐரீன் முடிவு பண்ணிட்டா."

"எப்ப?"

"மார்ச் கடைசியில. வீட்டை விக்கப் பேசியாச்சு. அட்டையெல்லாம் வித்துடப் போறேன். கண்ணு தெரியாதவனுக்கு எதுக்கு அதெல்லாம்? அடுத்த சந்தைக்கு ஏலக் கம்பெனியிலேர்ந்து ஒரு ஆள் வரான், குர்ட்னு பேரு. ஸ்க்ரூ போட்டதையெல்லாம் கழட்டிப் பாப்பானாம். லைட் போட்டு மில்லிமீட்டர் கணக்குல அளப்பானாம். அப்புறம் மார்க் போட அனுப்புவான்." முள்கரண்டியை என் பக்கம் நீட்டினான். "நம்ம அட்டைக்கெல்லாம் இந்த வயசுல பரீட்சை பாத்தியா?"

நான் சிரிக்கவில்லை. குர்ட் அந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் அரை நிமிடம் போதும். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்பான். செஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி என் பேரைச் சொல்வான்.

மார்ச் சந்தைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், இறைச்சி கூடாது, தேவாலயத்தில் மீன் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. மர ஸ்டாண்டைக் காணோம்.

"கெஸ்லிங் எங்க?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"வந்த உடனே அவன்தானா?" என்றாள் ஐரீன். "இங்க நான் பன்னெண்டு பெட்டி கட்டியிருக்கேன். உக்காரு. மீன் ஆறிடும்."

"செஸ்டர், நான் அஞ்சாயிரம் தரேன்."

ஐரீன் கையிலிருந்த தட்டு மேசைமேல் சத்தமாக இறங்கியது. நல்ல நிலையில் இருக்கும் கெஸ்லிங்கே நாலாயிரத்துக்குத்தான் போகும். என் ஐயாயிரம் கூரை மாற்ற வைத்திருந்த பணம். கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன்.

செஸ்டர் தலையைச் சாய்த்து என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"உனக்கு விக்க மாட்டேன், எமில்."

"அப்ப யாருக்கு? குர்ட்டுக்கா?"

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"ஆறாயிரம்."

"சொன்னேன்ல. உனக்கு விக்க மாட்டேன். சாப்பிடு."

ஐரீன் எங்கள் இருவரையும் பார்க்காமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்லப் போகிறான், அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை என்கிறான் என்று நினைத்தேன். மீனைச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, தெரிந்தே இருந்துவிட்டால்கூட நிம்மதிதான் என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு களைத்துப்போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குர்ட் வாசலோரம் விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், நல்ல கோட்டு. கையைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டான். ஐரீன் தள்ளுவண்டியில் செஸ்டரின் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். குர்ட் ஒவ்வொன்றாக எடுத்தான், ஸ்க்ரூவைக் கழற்றினான், அட்டையின் ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்தான், அளந்தான், எழுதினான். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் எனக்கு ஒரு வயது கூடியது. என் மேசையில் ஒருவன் ஒரு டாலர் அட்டைக்கு இருபது கொடுத்தான், நான் ஒன்பது திருப்பிக் கொடுத்தேன். அவன் சண்டைக்கு வந்தான்.

கடைசிப் பெட்டியும் காலியானது. கெஸ்லிங் வெளியே வரவில்லை.

"உங்ககிட்ட ஒரு கெஸ்லிங் இருக்குன்னு சொன்னாங்களே, சார்," என்றான் குர்ட். "அதைக் கொண்டுவரலையா? நல்லா இருந்தா நாலாயிரத்துக்கு நான் பொறுப்பு."

"அது விக்கிறதுக்கு இல்ல, தம்பி."

ஐரீன் கையைப் பிடித்து இடம் காட்ட, செஸ்டர் தாளில் கையெழுத்துப் போட்டான். பிறகு அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். ஓட்டிஸ் திரும்பினான். காபி வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

செஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தான். அதற்குள்ளிருந்து அந்த பிளாஸ்டிக் பலகையை உருவி, என் பெட்டிகளுக்கு நடுவே வைத்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றான். "முப்பத்தாறு வருஷமா இவன் இந்த அட்டையைக் கேட்டுக்கிட்டே இருக்கான். நான் இந்தக் கூடத்துல எத்தனையோ பைத்தியத்தைப் பாத்திருக்கேன். ஒரு அட்டையை வித்துட்டு இப்படி ஏங்கினவனைப் பாத்ததே இல்ல. எங்க வீட்டுக்கு வந்தா அதைப் பாக்க முடியாம முதுகைக் காட்டி உக்காருவான், பாவம். அன்னைக்கு இதை விக்க இவனுக்கு மனசே இல்ல. நான் கெஸ்லிங் தெருக்காரன்னு சொன்னேன், அதுக்காகக் குடுத்தான்." என் பக்கம் தலையைச் சாய்த்தான். "அதாண்டா உனக்கு விக்க மாட்டேன்னு சொன்னேன். உன்கிட்ட காசு வாங்குவேனா நான்? எடுத்துக்கோ. இது உன்னோடது."

யாரோ கைதட்டினார்கள். ஓட்டிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மூணு வாரமா சண்டை போட்டேன்," என்றாள் ஐரீன். "ட்ரக் வாடகை, அங்க போய் இவனுக்குக் கண் டாக்டர், எல்லாத்துக்கும் ஆகும்னு சொன்னேன். இந்த மனுஷன் கேக்கல. எமிலுக்குத்தான்னு ஒரே பிடிவாதம். எடுத்துக்கோ எமில், என் மனசு மாறறதுக்குள்ள."

அவமானம் என்பது சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கை கால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. இனி ஒரு நொடிகூட இதைச் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"செஸ்டர், இது வெட்டின அட்டை."

ஓட்டிஸ் வெடித்துச் சிரித்தான்.

"பாருடா. சும்மா குடுத்தாக்கூட விலையை இறக்கறான்."

"இல்ல, நான்தான் வெட்டினேன். டோலோரஸோட பேப்பர் கட்டர்ல. கீழயும் இடது பக்கமும். விக்கறதுக்காக வெட்டினேன்."

செஸ்டருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. "அந்தப் பொம்பளையை ஏண்டா இழுக்கற? நீ எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க? எங்க நாப்பதாவது கல்யாண நாள் கேக்கையே ஓரம் காஞ்சிருக்குன்னு சொன்னவன் நீ."

"காஞ்சுதான் இருந்துச்சு," என்றாள் ஐரீன். மறுபடி சிரிப்பு.

"சத்தியமா சொல்றேன், செஸ்டர்."

"சரிடா, சரி. மட்டமான அட்டை. வெச்சுக்கோ."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முப்பத்தாறு வருடமாக முடுக்கிக் கிடந்தவை. மூன்று ஸ்க்ரூ வந்தது, நாலாவது அடம்பிடித்தது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள், நான் ஆசை தாங்காமல் தொட்டுப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரவர் மேசைக்குக் கலைந்தார்கள். ஓட்டிஸுக்கு ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிட்டார். அட்டையை வெளியே எடுத்தேன். என் பெட்டியிலிருந்து அதே 1957ஆம் வருடத்து அட்டை ஒன்றை உருவினேன், எவனோ ஒரு சாதாரண ஆட்டக்காரன், இரண்டு டாலர் பெறுவான். அவனைக் கீழே வைத்து, அவன்மேல் கெஸ்லிங்கை மேல் ஓரமும் வலது ஓரமும் சேரும்படி வைத்தேன்.

அடியில் இருந்த அட்டை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. கீழே ஒரு வெள்ளைக் கோடு, இடது பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. நூல் அளவுதான்.

"இப்ப பாரு," என்றேன்.

செஸ்டர் குனிந்தான். தலையை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். அவன் கண்கள் அட்டைக்கு மேலும் பக்கத்திலும் தேடின. மூக்கு மேசையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தும் பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்கு," என்றான். "ஐரீன், நீ பாரு. என்ன சொல்றான் இவன்?"

ஐரீன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். முதலில் படத்தைப் பார்த்தாள். பிறகு கீழே. பிறகு இடது பக்கம். சுண்டுவிரல் நகத்தை அந்த வெள்ளைக் கோட்டில் வைத்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, பிறகு போயிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டவள் யாரோ அன்னியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"என்ன ஐரீன்?" என்றான் செஸ்டர். "இருக்கா ஏதாவது?"

ஐரீன் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஒண்ணும் இல்ல," என்றாள். "ரெண்டும் ஒரே அளவுதான்."

"நான் சொல்லல?"

ஐரீன் அடியிலிருந்த அட்டையை உருவி என் பெட்டிக்குள் ஏதோ ஒரு இடத்தில் செருகினாள். கெஸ்லிங்கைப் பலகைக்குள் வைத்து மூடி, என் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். நான் வாங்குகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

"அவன் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான், எமில்," என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நன்றி சொல்லு."

செஸ்டரின் கை உண்மையாகவே நீண்டிருந்தது, எனக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"நன்றி, செஸ்டர்."

"இத்தனை வருஷத்துக்கு இவ்வளவுதானா?" என்று சிரித்தான் செஸ்டர். என் கையை அவன் விடவில்லை, இன்னொரு கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஐரீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.